பிற நாட்டுத் தூண்டில்காரர்களோடு கருவி மாற்றமும் படகுப் பேச்சும்

ஜப்பான், அமெரிக்கா, நார்வே, ஜெர்மனி ஆகிய நாடுகளில் உள்ள தூண்டில்காரர்களோடு கருவிகளைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வரும் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றும், பதிலுக்கு எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று தெரியவில்லை என்றும், படகுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒவ்வொருவரும் தம் படகின் வடிவமே சரியானது என்று சொல்வதால் யாரை நம்புவதென்று புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஐயங்களுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். தூண்டில் கருவியும் சரி, படகும் சரி, ஏதோ ஒரு நீருக்காகவும் மீனுக்காகவும், ஏதோ ஒரு சட்டத்தின் வரம்புக்குள்ளும் உருவானவை. அந்தப் பின்னணியைக் கேட்டு அறியாமல் எண்ணையும் பெயரையும் மட்டும் ஒப்பிட்டால் சரியான கருவியும் தவறாகவே தோன்றும்.

குழப்பம் மிகுதியாக விளைவது நரம்பில், அதாவது தூண்டில் இழையில் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவிலிருந்து வரும் சுருளில் அறுபடும் வலிமை பவுண்டில் இருக்கும். ஐரோப்பியச் சுருளில் விட்டமே முதன்மை, 0.25 மில்லிமீட்டர், 0.30 மில்லிமீட்டர் என்று அது பெரிய எழுத்திலும், தாங்கும் எடை கிலோகிராமில் சிறிய எழுத்திலும் இருக்கும். ஜப்பானியர்கள் 'கோ' என்ற தனி எண் வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். நைலான், ஃப்ளூரோகார்பன் நரம்புகளில் அந்த எண் தடிமனைக் காட்டுவது. 1 என்றால் 0.165 மில்லிமீட்டர் விட்டம். எண் இரட்டித்தால் குறுக்குவெட்டுப் பரப்புதான் இரட்டிக்கும், விட்டம் இரட்டிக்காது. ஆகவே 4 ஆம் எண் நரம்பின் விட்டம் 0.33 மில்லிமீட்டர்தான். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்யும் நரம்புக்கு இதே எண் வரிசை எடையைக் கொண்டு அமைகிறது. அங்கே 1 என்றால் 200 டெனியர், அதாவது 9,000 மீட்டர் நீளத்துக்கு 200 கிராம். இதன் விளைவைக் கவனியுங்கள்: 1 ஆம் எண் நைலான் ஏறத்தாழ 4 பவுண்டு இழுவையில் அறுந்துவிடும், அதே 1 ஆம் எண் பின்னல் நரம்பு ஏறத்தாழ 20 பவுண்டு தாங்கும். எது நைலான், எது பின்னல் என்று கேட்காமல் எண்ணை மட்டும் பார்த்துச் சுற்றினால், பெரிய மீன் கடிக்கும் நாளில்தான் வேறுபாடு தெரியவரும்.

பவுண்டு என்று எழுதியிருந்தாலும் அது எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. சாதாரண நரம்பில் 20 பவுண்டு என்றால், குறைந்தது அவ்வளவாவது தாங்கும் என்பதே வழக்கமான பொருள். பல நரம்புகள் அதற்கு மேலும் தாங்கும். சாதனைப் பதிவுக்கென்று விற்கப்படும் நரம்பில் கணக்கு தலைகீழானது. 1939இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் மீன்களின் சாதனைகளை நரம்பின் வலிமைப் பிரிவு வாரியாகப் பதிவு செய்கிறது. அந்தப் பிரிவுக்குள் வர வேண்டுமானால், நனைந்த நிலையில் சோதிக்கும்போது நரம்பு குறித்த எடையிலோ அதற்குக் கீழோ அறுபட வேண்டும். எனவே நண்பர் அனுப்பிய 10 கிலோகிராம் பிரிவு நரம்பு உங்கள் வழக்கமான 20 பவுண்டு நரம்பை விட மெலிதாக நடந்துகொண்டால் அது தரக் குறைவு அல்ல. அது செய்யப்பட்ட நோக்கமே அதுதான்.

நரம்பைப் பெறும்போது விட்டம், பொருள், ஈர அறுவலிமை என்ற மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் இயல்பும் தெரிந்திருக்க வேண்டும். நைலானின் அடர்த்தி 1.14, அது மெல்ல மூழ்கும், நன்றாக நீளும், நீரை உறிஞ்சும். ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் உருவாக்கிய ஃப்ளூரோகார்பன் நரம்பின் அடர்த்தி 1.78 என்பதால் விரைவில் மூழ்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, நீரின் 1.33க்கு நைலானை விட நெருக்கமானது என்பதால் கண்ணுக்குக் குறைவாகவே தெரியும். பாலிஎத்திலீன் பின்னலின் அடர்த்தி 0.97, அது மிதக்கும், மிகக் குறைவாகவே நீளும், கடித்ததைக் கைக்கு உடனே சொல்லும், ஆனால் பாறையில் உரசினால் நொடியில் அறும். ஜப்பானிய நண்பர் பின்னல் நரம்போடு ஃப்ளூரோகார்பன் முன்நரம்பையும் (முள்ளை ஒட்டிக் கட்டும் நரம்புத் துண்டு) சேர்த்து அனுப்புவது இதனால்தான். இரண்டையும் இணைக்க அவர்கள் எஃப்ஜி முடிச்சைப் பயன்படுத்துகிறார்கள். பின்னலை முன்நரம்பின் மேல் மாறி மாறிக் குறுக்காகச் சுற்றி இறுக்கும் அந்த முடிச்சு, கோலின் வளையங்களில் தட்டாமல் செல்லும் அளவுக்கு மெலிதாக அமையும். பின்னல் வழுக்கும் தன்மையுடையது; நைலானுக்குப் போடும் முடிச்சு அதில் பெரும்பாலும் நழுவிவிடும். முடிச்சைப் போட்டே ஒரு துண்டு அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை விளக்கப் படங்கள் பார்த்தாலும் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கும் ஒரு முடிச்சுக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

தூண்டில் முள்ளுக்கு உலகப் பொது அளவு என்று எதுவும் இல்லை. மேலை நாட்டு வரிசையில் எண் கூடக் கூட முள் சிறிதாகும். எண் குறைந்து 1ஐ அடைந்த பின், 1/0, 2/0 என்று முள் மேலும் பெரிதாகும். ஜப்பானிய வரிசையில் எண் கூடினால் முள்ளும் பெரிதாகும். அதிலும் ஒவ்வொரு மீனுக்கான முள் வடிவத்துக்கும் தனி வரிசை உண்டு. ஒரே எண்ணைத் தாங்கிய இரு நிறுவனங்களின் முட்களுக்கு இடையிலும் வாய் அகலம் வேறுபடும். ஆகவே எண்ணைச் சொல்லிக் கேட்பதை விட, முள்ளை ஓர் அளவுகோலின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதே பாதுகாப்பானது. வட்ட முள் கிடைத்தால் அதன் பயன்பாட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்: மீன் கடித்ததும் கோலை வெட்டி இழுக்கும் பழக்கம் அதற்கு ஆகாது, நரம்பு இறுக இறுக மெல்லச் சுற்றினால் அது தானாகவே வாயோரத்தில் பற்றிக்கொள்ளும். குடலில் முள் பெரும்பாலும் சிக்காததால் விடுவிக்கப்படும் மீன் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

ஈயக் குண்டின் எடை அமெரிக்காவில் அவுன்சு, ஐரோப்பாவில் கிராம், ஜப்பானில் மறுபடியும் 'கோ'. இந்த முறை 1 என்பது 3.75 கிராம். கோலைப் பொறுத்தவரை, வீசும் எடை கிராமிலோ அவுன்சிலோ எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. கெண்டை மீனுக்கான பிரித்தானியக் கோல்களில் மட்டும் 3 பவுண்டு என்பதுபோல் ஒரு எண் இருக்கும். அது நரம்பின் வலிமையோ மீனின் எடையோ அல்ல. கோலின் நுனியை அடிப்பகுதிக்குச் செங்குத்தாக வளைக்கத் தேவைப்படும் இழுவை. பழைய கணக்குப்படி, பவுண்டுக்கு ஒரு அவுன்சு வீதம் அந்தக் கோலுக்கு ஏற்ற ஈயத்தை முடிவு செய்வார்கள். உலகம் முழுவதும் ஒத்துப்போன ஒரே இடம் ஈத்தூண்டிலின் (இறகும் இழையும் கொண்டு ஈ போலக் கட்டிய இரையை வீசும் முறை) நரம்புதான்: முதல் 30 அடியின் எடையைக் கொண்டு எண் தருவதால், 5 ஆம் எண் நரம்பு எங்கே வாங்கினாலும் அந்த 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9.1 கிராம் இருக்க வேண்டும். இன்றைய தயாரிப்பாளர்கள் பலர் இதை மீறிச் சற்றுக் கனமாகவே செய்கிறார்கள் என்பதால் இங்கும் பெட்டியின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது.

ரீலில் கேட்க வேண்டியது கைப்பிடி எந்தப் பக்கம் என்பது. நிலைச் சுருள் ரீல்களில் கைப்பிடியை மாற்றிப் பொருத்தலாம். சுழலும் சுருள் கொண்ட வீச்சு ரீல்களில் அது இயலாது, இடக்கை ரீல், வலக்கை ரீல் என்று தனித்தனியாகவே செய்கிறார்கள். பழகாத பக்கத்து ரீல் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் பெட்டியிலேயே உறங்கும்.

செயற்கை இரைகள்தான் இந்தப் பரிமாற்றத்தின் உயிர் என்று நினைக்கிறேன். சிறிதானவை, உடையாதவை, அனுப்பச் செலவு குறைந்தவை. அதோடு, அவை பிறந்த நீரைப் பற்றி அவையே நிறையச் சொல்கின்றன. பின்லாந்தின் லௌரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, ஒளிப்படச் சுருளை உருக்கிப் பூசி முதல் இரையைச் செய்தார். ஏரியில் கூட்டமாகச் செல்லும் சிறு மீன்களில் காயப்பட்டுத் தள்ளாடுவதையே பெரிய மீன் தேடித் தாக்குவதை அவர் கவனித்திருந்தார். அந்தத் தள்ளாட்டமே இரையின் இயக்கமாயிற்று. இந்த வகை மிதவை இரை கிடைத்தால் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அதை இறுக்கமான முடிச்சில் கட்டாமல் தளர்வான கண்ணி முடிச்சில் கட்ட வேண்டும், இல்லையேல் அசைவு முடங்கும். மற்றொன்று, இழுக்கும்போது இரை இடப்புறம் ஓடினால் மூக்கிலுள்ள கம்பி வளையத்தை வலப்புறமாக மிகச் சிறிதளவு வளைக்க வேண்டும். இந்த இரண்டும் தெரியாதவர் அதை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பயனற்றது என்று ஒதுக்கிவிடுவார்.

ஜப்பானியக் கணவாய்த் தூண்டிலான எகியும் இப்படித்தான். இறால் வடிவில் துணி போர்த்திய உடல், வால் பகுதியில் எதிர்முனை (கழன்றுவிடாமல் பிடிக்கும் பின்நோக்கிய சிறுகூர்) இல்லாத ஊசிகளின் இரட்டை வரிசை. அதன் எண் பழைய ஜப்பானிய நீள அளவைத் தழுவியது, 3.5 என்றால் ஏறத்தாழ 10.5 சென்டிமீட்டர். ஆனால் எகியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்ப்பது நீளத்தை அல்ல, மூழ்கும் வேகத்தை. வழக்கமான 3.5 எகி ஒரு மீட்டர் இறங்க மூன்று முதல் மூன்றரை நொடி எடுக்கும். ஆழம் குறைந்த இடங்களுக்கான வகை அதைப் போல இரு மடங்கு நேரம் எடுக்கும். கணவாய் பெரும்பாலும் எகி இறங்கும்போதுதான் பற்றும். ஆகவே இந்த வேகமே அந்தக் கருவியின் சாரம். ஐந்து மீட்டர் ஆழமுள்ள பாசிப் படுகைக்கு விரைந்து மூழ்கும் எகி அனுப்பப்பட்டால் அது பாசியில் சிக்கிக் கிடக்கும். நீங்கள் எந்த ஆழத்தில், எந்த நீரோட்டத்தில் மீன் பிடிக்கிறீர்கள் என்று முன்பே எழுதியிருந்தால் நண்பர் வேறு வகையைத் தேர்ந்திருப்பார். வடகடல்களில் காட் மீனுக்குப் பயன்படும் பல நூறு கிராம் எடையுள்ள பில்க்கர் என்ற உலோக இரையும் அந்த ஆழத்துக்கும் நீரோட்டத்துக்கும் உரியது. ஆழமற்ற கழிமுகத்தில் அதற்கு வேலை இல்லை.

இப்போது நீங்கள் அனுப்புவதைப் பற்றி. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும், உங்கள் மீன் கடித்துத் தழும்பேறிய இரையின் புதிய படியையே அனுப்புங்கள். கடையில் அழகாக இருக்கிறது என்று வாங்கிய ஒன்றை அனுப்ப வேண்டாம். அதோடு ஒரு தாளில் நீரின் ஆழம், தெளிவு, அடித்தரை மணலா பாறையா, ஓத நிலை, இழுக்கும் வேகம், கட்டும் முடிச்சு ஆகியவற்றை எழுதி வையுங்கள். பெறுபவருக்கு இரையை விட அந்தத் தாள் அதிக நாள் பயன்படும்.

எல்லையைக் கடக்கும்போது சிக்கல் தருவது முதன்மையாக ஈயம். அன்னப் பறவைகள் சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்ததைத் தொடர்ந்து இங்கிலாந்தில் 1987 முதல் 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. டென்மார்க் 2002 முதல் ஈயத் தூண்டில் கருவிகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டும் ஈயத்தலை முள்ளும் 1997 முதல் கூடாது. மாற்றுப் பொருளாக வெள்ளீயம் அனுப்பினால் அதன் அடர்த்தி 7.3 மட்டுமே, ஈயத்தின் 11.3ஓடு ஒப்பிட்டால் அதே எடைக்கு ஒன்றரை மடங்கு பருமன் வரும், நீரோட்டத்தில் அதிகம் தள்ளப்படும். டங்ஸ்டன் ஈயத்தை விட அடர்ந்தது, சிறியதாக அமையும், விலைதான் கூடுதல். குண்டே இல்லாமல் இரையை மட்டும் அனுப்பி, எடையை எழுதித் தெரிவிப்பதுதான் எளிய வழி. குண்டு அங்கேயே கிடைக்கும், அஞ்சல் செலவும் மிஞ்சும்.

அடுத்தது உயிரி ஆபத்து. இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இங்கே செய்யும் தவறைத் திரும்பப் பெற முடியாது. நியூசிலாந்தின் தென்தீவில் 2004இல் டிடிமோ என்ற பாசி கண்டறியப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரே உயிரணு ஈரமான கருவியோடு ஆறு விட்டு ஆறு செல்லப் போதுமானது. நீரில் இறங்கி நடப்பதற்கான, கம்பளத் துணி அடியிட்ட காலணிகள் ஈரத்தை நெடுநேரம் தக்கவைப்பதால் 2008 முதல் அங்கே நன்னீர் மீன்பிடிப்பில் அவை தடை செய்யப்பட்டன. நார்வேயின் பல ஆறுகளில் ஜைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற ஒட்டுண்ணி சால்மன் குஞ்சுகளை அழித்தது. சால்மன் ஆற்றுக்கு வருபவரின் கோலும் நரம்பும் வலையும் காலணியும் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அங்கே கேட்பது வழக்கம். ஐஸ்லாந்துக்குள் பயன்படுத்திய தூண்டில் கருவியைக் கொண்டு செல்வதற்கும் கிருமி நீக்கம் கட்டாயம். பயன்படுத்திய பொருளைப் பரிமாறுவதானால் கழுவி, உள்ளும் புறமும் முற்றிலும் உலர்த்தி, அதைப் பெட்டியின் மேலும் எழுதி அனுப்புங்கள். காலணி, வலை, நீர்க்காப்புக் கால்சட்டை ஆகியவற்றைப் பரிமாறவே வேண்டாம். உயிருள்ள இரையோ உப்பிட்ட இரையோ எந்த நாட்டுக்கும் அஞ்சலில் செல்லக் கூடாது.

ஈத்தூண்டில் கட்டுபவர்களோடு பரிமாறினால் இறகும் மயிரும் வரும். பிரித்தானியாவில் பழைய முறையில் ஈ கட்டுவோர் கடல்நாய் மயிரை விரும்புவர். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டி பாதுகாப்புச் சட்டத்தின்படி அது அந்நாட்டுக்குள் நுழைய முடியாது. வீட்டில் வளர்க்கும் சேவலின் கழுத்திறகாகவே இருந்தாலும், பறவைப் பொருள் என்பதற்காகச் சுங்கத்தில் நிற்கலாம். செயற்கை இழையால் கட்டிய ஈக்களை அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

பொட்டலம் கட்டும்போது ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. மென்மையான ரப்பர் போன்ற இரைகளில் பெரும்பாலானவை பிவிசியில் மென்மையூட்டும் எண்ணெய் கலந்து செய்யப்படுபவை. அந்த எண்ணெய் சில வகைப் பிளாஸ்டிக் பெட்டிகளையும் கடின இரைகளின் வண்ணப் பூச்சையும் இளக்கிவிடும். வேறு வகை மீள்மப் பொருளில் செய்த மென்னிரையோடு சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று உருக்கி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் அதன் சொந்த உறையிலேயே விட்டு அனுப்புங்கள். முட்களின் முனைகளை மூடுங்கள். பெட்டியைத் திறப்பவர் சுங்க அலுவலராகவும் இருக்கலாம். உள்ளடக்கத்தையும் மதிப்பையும் உண்மையாகவே எழுதுங்கள். ஒரே துண்டாக உள்ள நீண்ட கோலை அஞ்சலில் அனுப்ப முயல வேண்டாம். நான்கு துண்டாகப் பிரியும் பயணக் கோல்தான் நாடு கடக்க ஏற்றது.

சுவிட்சர்லாந்து நண்பர் எதிர்முனை இல்லாத முட்களையே கேட்டால் அது தனி விருப்பம் மட்டுமல்ல. அங்கே பொதுவாக அதுவே விதி. திரும்ப விடுவதற்கென்றே மீன் பிடிப்பது அந்நாட்டில் 2009 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. வேறு நாடுகளிலோ பிடித்த மீனை விடுவிப்பதே பெருமை. படங்களைப் பகிரும்போது இந்த வேறுபாட்டால் மனக்கசப்பு வருவதுண்டு. எதிரில் இருப்பவரின் சட்டம் என்ன என்பதை முதலில் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வது நல்லது.

படகுப் பேச்சுக்கு வருகிறேன். ஒருவர் தம் படகைப் பற்றிச் சொல்லும்போது அதன் வடிவத்தில் பாதியை அவருடைய நீரும் மீதிப் பாதியை அவருடைய நாட்டுச் சட்டமும் தீர்மானித்திருக்கின்றன. ஜெர்மனியில் உள்ளவர் 15 குதிரைத்திறன் இயந்திரத்தோடு நின்றுவிடுகிறார் என்றால், பெரும்பாலான நீர்வழிகளில் அதுவரை உரிமம் தேவையில்லை என்பது காரணமாக இருக்கலாம். நார்வேயில் 1980 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர், 8 மீட்டருக்கு மேற்பட்ட படகையோ 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இயந்திரத்தையோ செலுத்தச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ஜப்பானில் பதிவு நீளம் 3 மீட்டருக்கும் இயந்திரத் திறன் 1.5 கிலோவாட்டுக்கும் குறைந்த படகுக்கு உரிமமோ ஆய்வோ வேண்டியதில்லை. அங்கே இரண்டு குதிரைத்திறன் சிறுபடகைச் சுற்றி ஒரு தனி உலகமே வளர்ந்திருப்பது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சாதாரண மகிழுந்து உரிமத்தில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவண்டியைக் கட்டினால் வண்டியும் இழுவண்டியும் சேர்ந்து 3,500 கிலோகிராமைத் தாண்டக் கூடாது. ஆகவே அங்குள்ளவர் படகின் எடையைப் பற்றி ஓயாது பேசுவார். பெரிய சரக்குந்தில் இழுத்துச் செல்லும் அமெரிக்கருக்கு அந்தக் கவலை குறைவு, அவர் வேகத்தைப் பற்றிப் பேசுவார். இருவரும் சொல்வது அவரவர் நிலையில் உண்மையே.

அடிப்பகுதியின் வடிவம் நீரைப் பொறுத்தது. 1960இல் மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகருக்கு நடந்த கடற்போட்டியில், ரே ஹன்ட் வடிவமைத்த ஆழ்ந்த 'வி' வடிவ அடிப்பகுதி கொண்ட மோப்பி என்ற படகு கொந்தளிப்பான கடலில் வென்ற பிறகு அந்த வடிவம் உலகெங்கும் பரவியது. பின்புறத்திலும் 24 பாகை அளவுக்குச் சரிந்திருக்கும் அந்த அடிப்பகுதி அலையை மென்மையாகப் பிளந்து செல்லும். ஆனால் நின்று மீன் பிடிக்கும்போது பக்கவாட்டில் உருளும், கூடுதல் இயந்திரத் திறனும் கேட்கும். 12 முதல் 15 பாகை கொண்டது நிற்கும்போது உறுதியாக இருக்கும், எதிரலையில் அடி வாங்கும். அமெரிக்காவின் மெக்கென்சி ஆற்றில் உருவான படகு இவற்றோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. தட்டையான அடியும் மேல்நோக்கி வளைந்த இரு முனைகளும் கொண்ட அதில், துடுப்புக்காரர் ஓட்டம் செல்லும் திசையைப் பார்த்து அமர்ந்து ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலிக்கிறார். படகு ஓட்டத்தை விட மெதுவாக இறங்குவதால் முன்னால் நிற்பவர் ஒவ்வொரு பாறை நிழலிலும் வீச முடிகிறது. பாஸ்டன் வேலரின் 13 அடிப் படகு 1958இல் வந்தபோது அதன் பெருமை வேகத்தில் இல்லை. இரு கண்ணாடி இழைத் தோல்களுக்கு இடையே நுரை நிரப்பியிருந்ததால் பாதியாக அறுத்தாலும் மிதந்தது.

இதை விட ஆழமான வேறுபாடு, மிதக்கும்போது படகு எந்த நிலையில் இருக்கிறது என்பதில் உள்ளது. பரிமாறிய கருவி பொருந்துமா என்பதே இதில்தான் முடிவாகிறது. ஜப்பானிய மீன்பிடிப் படகுகள் பலவற்றில் பின்புறம் ஒரு சிறு பாய் விரித்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது படகை ஓட்டுவதற்கு அல்ல. படகின் முன்முனையான அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பி வைப்பதே அதன் வேலை. இயந்திரத்தை மெல்ல இயக்கி நகர்வைச் சரிசெய்தால், அனைவரின் நரம்பும் செங்குத்தாக இறங்கும். குறுகிய கோலும் எடை குறைந்த உலோக இரையும் அந்த நிலைக்கு ஏற்றவை. பாய் இல்லாத படகு பெரும்பாலும் காற்றுக்குக் குறுக்காகவே தள்ளப்படும். காற்று வரும் பக்கத்தில் நிற்பவரின் நரம்பு படகை விட்டு விலகிச் சாயும். மறுபக்கத்தில் நிற்பவரின் நரம்பு படகுக்கு அடியில் செல்லும். இங்கே அதே இரை அடித்தரையைத் தொடாது. கனமான இரையும் நீண்ட கோலும் வேண்டும். ஆழமற்ற கடலில் நங்கூரமிட்டு ஓட்டத்துக்கு எதிர்ப்புறம் தொலைவில் வீசும் முறை இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில் வளர்ந்தது; படகின் ஓசைக்கு அஞ்சி விலகும் மீனை எட்டுவதற்காக அவர்கள் பத்தடிக் கோலையும், கம்பிகள் நீட்டிய பற்றும் குண்டையும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கம்பிக் குண்டு உங்களுக்கு வந்து, நீங்கள் நகரும் படகிலிருந்து அதை இறக்கினால் அது அடித்தரையில் மாட்டிக்கொள்ளும். ஜப்பானியர் 60 கிராம் போதும் என்பதும், நார்வேக்காரர் 300 கிராம் வேண்டும் என்பதும் முரண் அல்ல. ஆழம், ஓட்டம், நகர்வு நிலை ஆகிய மூன்றையும் இருவரிடமும் கேட்டால் இரண்டும் பொருந்திவிடும்.

எண்களைப் பொறுத்தவரை, வேகத்தை நாட்டிகல் மைலில் சொல்கிறாரா சாதாரண மைலில் சொல்கிறாரா என்று கேளுங்கள். ஆழம் மீட்டரா, அடியா, ஆறடிப் பாகமா என்றும் கேளுங்கள். மீன்காட்டிக் கருவியின் படத்தை அனுப்பினால் அதிர்வெண்ணையும் கேளுங்கள். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழமாகவும் அகலமாகவும் பார்க்கும். 200 கிலோஹெர்ட்ஸ் குறுகலாகவும் நுணுக்கமாகவும் பார்க்கும். அடித்தரையில் மீன் தெரிகிறது என்று ஒருவர் சொல்வதன் பொருள் இவ்விரண்டில் எது என்பதைப் பொறுத்து மாறும். வெளிப்பொருத்து இயந்திரத்தைப் பற்றி அறிவுரை பெறும்போது தண்டின் நீளத்தை மறக்காதீர்கள்: 15, 20, 25 அங்குலம் என்ற வரிசை எங்கும் ஒன்றே, ஆனால் உங்கள் படகின் பின்பலகை உயரத்துக்கு அது பொருந்த வேண்டும்.

ஐரோப்பியப் படகில் பி என்றோ சி என்றோ ஓர் எழுத்து இருக்கும். சி என்றால் காற்று போஃபர்ட் அளவையில் 6 ஆம் விசை வரையும் அலை 2 மீட்டர் வரையும் தாங்கும்படி வடிவமைத்தது. பி என்றால் 8 ஆம் விசையும் 4 மீட்டரும். டி என்றால் ஒதுக்கமான நீருக்கு மட்டும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த ஒற்றையுடல் படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்ற தகடு இருக்கும். அது கடல்நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே 18 அடிப் படகில் பத்து மைல் வெளியே சென்று வந்ததாக ஒருவர் எழுதினால், அன்று காற்று எவ்வளவு, கரையிலிருந்து வீசியதா, கரை நோக்கி வீசியதா, எத்தனை பேர் இருந்தார்கள், திரும்பும்போது எவ்வளவு எரிபொருள் மிஞ்சியது, ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு உடலில் கட்டியிருந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி நீர்ப்பரப்புகளில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில், சில விலக்குகள் நீங்கலாக, அந்தக் கயிற்றையோ கம்பியில்லா இணைப்பையோ பயன்படுத்துவது கட்டாயம். உங்கள் நாட்டில் அது கட்டாயமில்லை என்றாலும், அடுத்த பரிமாற்றத்தில் ஓர் இரைக்குப் பதிலாக உங்கள் இயந்திரத்தின் பூட்டுக்குப் பொருந்தும் அத்தகைய கயிறு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தின் பெயரையும் மாதிரியையும் சரியாக எழுதி அனுப்புங்கள், ஏனெனில் அந்தப் பூட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.